ஃபாக்ஸ்புரோ மெனுவில் பிழை தேடுதல்: நான்கு பொழுதுகள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. வரவு செலவு, பில், பாக்கி எல்லாமே விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராம் ஒன்றில்தான் இன்றும் ஓடுகின்றன. அங்கே கணக்கு பார்க்கும் பெரியவர் ஒரு நாள் போனில் கூப்பிட்டார். “தம்பி, காலைல எடுத்த பாக்கிப் பட்டியல்ல இல்லாத பில்லு, மத்தியானம் எடுத்தா வருதுங்க. நடுவுல யாரும் ஒண்ணும் பதியலைங்க.” நேரில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. ரிப்போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழே இருக்கும் ஒரே வரிதான். வேறு எந்தத் திரையும் திறக்காமல் அதைத் தட்டினால் ஒரு கூட்டுத்தொகை. பில் போடும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டினால் இன்னொன்று. பட்டியல் தயாரிக்கும் புரோகிராமை வரி வரியாகப் படித்து அரை நாள் போனது. அதில் தவறே இல்லை. மெனுவில் எழுதியிருந்த வரியும் சரி.

இந்த வகைப் பிழைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. பழைய டேட்டாபேஸ் மொழிகளில் மெனு கோளாறு செய்தால் ‘எந்த வரியில்’ என்று தேடுவதற்கு முன்னால் ‘எந்தப் பொழுதில்’ என்று கேட்க வேண்டும். மெனுவை வரைவது ஒரு பொழுது. அதிலிருந்து நிரல் உருவாவது ஒரு பொழுது. அந்த நிரல் ஓடி மெனுவைத் திரையில் நிறுத்துவது ஒரு பொழுது. பயன்படுத்துகிறவர் அதில் ஒன்றைத் தட்டுவது மற்றொரு பொழுது. ஒரே மெனுவின் நான்கு பொழுதுகளிலும் மாறிகள், கோப்புகள், அமைப்புகள் எல்லாம் வேறு வேறு நிலையில் இருக்கின்றன. ஒரு பொழுதுக்காக எழுதியதை இன்னொரு பொழுதில் எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலான மெனுப் பிழைகளின் வேர்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. வேய்ன் ராட்லிஃப் எழுதி ஆஷ்டன்-டேட் விற்ற டிபேஸின் தொடக்கப் பதிப்புகளில் மெனு என்று தனியாக ஒன்றும் கிடையாது. முடிவில்லாத சுற்று ஒன்றுக்குள் 1, 2, 3 என்று திரையில் எழுதிக் காட்டுவார்கள். விசைக்காகக் காத்திருந்து, ‘டூ கேஸ்’ போட்டு, வந்த எண்ணுக்கு ஏற்ற புரோகிராமை அழைப்பார்கள். கிளிப்பர் என்ற டிபேஸ் தொகுப்பி வந்ததும் ‘ப்ராம்ட்’, ‘மெனு டூ’ என்ற இரண்டு கட்டளைகளால் வெளிச்சக் கட்டை மேலும் கீழும் நகர்ந்தது. கட்டமைப்பு மட்டும் மாறவில்லை. தேர்வும் செயலும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பிழை தெரிந்த இடமே பிழை இருந்த இடம்.

அந்த முறைக்கும் தனக்கென்று ஒரு நோய் இருந்தது. முதன்மை மெனுவிலிருந்து கிளைப் புரோகிராமுக்குப் போனவர் ‘ரிட்டர்ன்’ என்று எழுதித் திரும்ப வேண்டும். அதற்குப் பதிலாக, மெனுவுக்குத்தானே போக வேண்டும் என்று நினைத்து, முதன்மை மெனுவையே ‘டூ’ போட்டு மறுபடி அழைத்துவிடுவார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. உள்ளே அழைப்பின் மேல் அழைப்பாக அடுக்கு ஏறிக்கொண்டே போகும். அடுக்குக்கு ஓர் எல்லை உண்டு. விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் அது இயல்பாக 128. பழைய பதிப்புகளில் இன்னும் குறைவு. காலையில் நன்றாக ஓடிய புரோகிராம் மாலையில் பிழை காட்டி நிற்கும். கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். சூடு ஏறிவிட்டது, மின்சாரம் சரியில்லை என்று காரணம் சொல்லப்பட்ட எத்தனையோ புரோகிராம்களில் உண்மைக் காரணம் இந்த ஒற்றை ‘டூ’தான்.

1988-இல் வந்த டிபேஸ் IV மெனுவை மொழியின் உறுப்பாகவே ஆக்கியது. மேலே கிடக்கும் பட்டை ‘மெனு’, பட்டையில் உள்ள தலைப்பு ‘பேட்’, கீழே விரியும் பெட்டி ‘பாப்அப்’, பெட்டியின் ஒவ்வொரு வரியும் ‘பார்’. ‘டிஃபைன்’ என்ற கட்டளையால் இவற்றை அறிவித்து, ‘ஆன் செலக்‌ஷன்’ என்ற கட்டளையால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலைக் கட்டிவிடலாம். ஒஹாயோ மாநிலத்துப் பெரிஸ்பர்க்கில் இயங்கிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் 1989-இல் வெளியிட்ட ஃபாக்ஸ்புரோவும் இதே வழியை எடுத்துக்கொண்டது. 1991-இல் வந்த ஃபாக்ஸ்புரோ 2.0 ஒரு படி மேலே போய், மெனுவைக் கையால் எழுதாமல் வரைந்தே உருவாக்கும் கருவியைக் கொடுத்தது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கியது. 1995-இல் விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3.0 வந்தது. படிவம், பொத்தான், கிரிட் எல்லாம் பொருள்நோக்கு முறைக்கு மாறின. மெனு மாறவில்லை. 2004 கடைசியில் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை, அதாவது இந்த மொழியின் கடைசிப் பதிப்பு வரை, அது அடிப்படையில் 1991-இன் மெனுவாகவே இருந்தது. 2007-இல் இனிப் புதிய பதிப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2015 ஜனவரி 13-உடன் ஆதரவும் முடிந்தது. பொருள்களால் ஆன ஒரு மொழியில் பொருளாக மாறாத பெரிய உறுப்புகளில் ஒன்று மெனு. இன்று நாம் படும் பாட்டில் பாதிக்கு இந்தப் பொருந்தாமையே காரணம் என்பது என் எண்ணம்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். மெனு டிசைனரில் நாம் வரைவது எம்என்எக்ஸ் என்ற பின்னொட்டுள்ள கோப்பில் சேமிக்கப்படுகிறது. அது வேறு ஒன்றுமில்லை, பெயர் மாற்றிய ஓர் அட்டவணை. நீளமான எழுத்துகள் எம்என்டி என்ற துணைக் கோப்பில் இருக்கும். ‘ஜெனரேட்’ என்று கொடுத்தால் ஜென்மெனு என்ற புரோகிராம் அந்த அட்டவணையை வாசித்து, ‘டிஃபைன்’ கட்டளைகள் நிறைந்த எம்பிஆர் கோப்பை எழுதித் தருகிறது. அது எம்பிஎக்ஸ் ஆகத் தொகுக்கப்பட்டு ஓடுகிறது. ஓடி முடித்ததும் எம்பிஆர் வெளியேறிவிடுகிறது, மெனு மட்டும் நிற்கிறது. பந்தல்காரர் பந்தலை நட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்; விருந்து அதற்குப் பிறகுதான் நடக்கிறது. விருந்தின் நடுவே பந்தல்காரரைத் தேடினால் கிடைக்க மாட்டார். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும்.

முதல் பொழுதான வரைதலில் விழும் பிழைகள் எளியவை. பேட் பெயரைக் காலியாக விட்டால் ஜென்மெனு தானாகவே ஒரு பெயரைச் சூட்டிவிடும். பிறகு அந்தத் தலைப்பை நிரலிலிருந்து பெயர் சொல்லி எளிதில் அழைக்க முடியாது. குறுக்குவிசையாகக் கன்ட்ரோல்-ஜெ கொடுத்தால் வேலை செய்யாது. சில உரையாடல் பெட்டிகளை மூடுவதற்காக ஃபாக்ஸ்புரோவே அதை வைத்திருக்கிறது. இன்னொன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ‘எடிட்’ மெனு எதற்கு என்று நினைத்து அதை நீக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நீக்கிய நாளிலிருந்து எந்தப் பெட்டியிலும் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி எடுபடாது. நகலெடுப்பதும் ஒட்டுவதும் ஃபாக்ஸ்புரோவில் விசைப்பலகையின் வேலையல்ல, மெனு வரிகளின் வேலை. வரி போனால் விசையும் போகும். வாடிக்கையாளர் குறை சொல்லும்போது பெட்டியைத்தான் சொல்வார், மெனுவை அவர் நினைத்தே பார்க்க மாட்டார்.

இரண்டாம் பொழுதில், அதாவது உருவாக்கத்தில், முதல் சந்தேகம் எப்போதும் பழைய நகலின் மேல்தான் விழ வேண்டும். டிசைனரில் திருத்திச் சேமித்துவிட்டு ‘ஜெனரேட்’ கொடுக்க மறந்தால் எம்பிஆர் பழையதாகவே இருக்கும். புராஜெக்டைக் கட்டி எக்ஸி செய்யும்போது புதியது உருவாகிவிடும். அதனால் எக்ஸியில் திருத்தம் தெரியும், அதைக் கட்டுவதற்கு முன் கமாண்ட் விண்டோவில் ஓட்டினால் தெரியாது. ‘செட் டெவலப்மென்ட்’ அணைந்திருந்தால் மூலக் கோப்பின் நேரத்தையும் தொகுத்த கோப்பின் நேரத்தையும் ஃபாக்ஸ்புரோ ஒப்பிடாது. எம்பிஆர் புதிதாகவே இருந்தாலும் பழைய எம்பிஎக்ஸ் ஓடும். இதைவிட வேதனையானது, யாரோ அவசரத்துக்கு எம்பிஆரைக் கையால் திருத்தி வைத்திருப்பது. அடுத்தமுறை உருவாக்கும்போது அந்தத் திருத்தம் சுவடில்லாமல் போய்விடும். ஆறு மாதம் முன்பு சரிசெய்த பிழை திரும்பி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

உருவாக்கத்தின் இன்னொரு விளைவு ‘லோக்ஃபைல்’. டிசைனரில் ஒரு வரிக்கு எதிரே ‘ப்ரொசீஜர்’ என்று தேர்ந்து பல வரிகள் எழுதினால், ஜென்மெனு அவற்றை எம்பிஆரின் அடியில் ஒரு தனிச் செயல்முறையாகப் போட்டு, சிஸ்(2015) என்ற சார்பு தரும் பெயரைச் சூட்டும். அடிக்கோட்டில் தொடங்கும், வாசித்தால் பொருள் தராத பெயர் அது. ஒவ்வொரு முறை உருவாக்கும்போதும் அந்தப் பெயர் மாறும். எம்பிஆர் வெளியேறிவிட்ட பிறகு அந்தச் செயல்முறையை எங்கே கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் தேர்வுக் கட்டளையோடு கோப்பின் இருப்பிடத்தையும் ‘லோக்ஃபைல்’ என்ற தேடலையும் ஜென்மெனு சேர்த்து எழுதுகிறது. கோப்பு கிடைக்காவிட்டால், அது எங்கே இருக்கிறது என்று பயன்படுத்துகிறவரையே கேட்கும் பெட்டி திறக்கும். நிரலாளர் மேஜையில் கோப்பு இருக்கிறது, கேள்வி வராது. மண்டியிலோ மில்லிலோ அந்தப் பெட்டி திறந்தால் கணக்கர் என்ன பதில் சொல்வார்? தவிர்க்கும் வழி எளிது. ‘ப்ரொசீஜர்’ என்பதையே பயன்படுத்தாமல், ‘கமாண்ட்’ என்று தேர்ந்து ஒரே வரியில் வேறு இடத்திலுள்ள புரோகிராமை அழைக்க வேண்டும். அந்தப் புரோகிராமின் பெயர் மாறியிலிருந்து வருவதாக இருந்தால் புராஜெக்ட் மேனேஜருக்கு அது கண்ணில் படாது. ‘எக்ஸ்டர்னல்’ என்ற அறிவிப்பால் சொல்லி வைக்காவிட்டால் எக்ஸிக்குள் சேராது, ‘கோப்பு இல்லை’ என்ற பிழை வரும்.

மூன்றாம் பொழுது நிறுத்துதல். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எக்ஸியைத் தட்டினால் மெனு ஒரு கணம் மின்னி மறைகிறது, புரோகிராம் மூடிக்கொள்கிறது. காரணம் மேலே சொன்னதுதான். மெனுவை நட்டபின் முதன்மைப் புரோகிராமுக்குச் செய்ய வேறு வேலை இல்லை, அதுவும் முடிந்துவிடுகிறது. முடியாமல் காத்திருக்கச் சொல்லும் கட்டளை ‘ரீட் ஈவென்ட்ஸ்’. கமாண்ட் விண்டோவிலிருந்து ஓட்டினால் ஃபாக்ஸ்புரோவே காத்திருப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பழைய ஃபாக்ஸ்புரோ 2.6-இல் ‘ஃபவுண்டேஷன் ரீட்’ என்ற ஏற்பாட்டால் இதைச் சமாளித்தார்கள். அங்கிருந்து மாற்றிக் கொண்டுவந்த புரோகிராம்களில் மின்னி மறையும் நோய் அதிகம்.

டிசைனரின் பொதுத் தேர்வுகளில் ‘செட்அப்’, ‘கிளீன்அப்’ என்று இரண்டு இடங்கள் உண்டு. பெயரைப் பார்த்தால் மெனு வரும்போது ஒன்றும் போகும்போது மற்றொன்றும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தவறு. ‘செட்அப்’ மெனுவை அறிவிப்பதற்கு முன் ஓடுகிறது. ‘கிளீன்அப்’ அறிவித்த உடனே ஓடுகிறது, மெனு போகும்போது அல்ல. அட்டவணைகளை மூடும் கட்டளைகளை அங்கே எழுதிவைத்து, மெனு வந்தவுடன் எல்லாம் மூடிக்கிடப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. இந்தப் பெயரை வைத்தவர்கள் பெரிய தீங்கு செய்துவிட்டார்கள் என்றே சொல்வேன். ஒரு சொல் தவறான பொழுதைக் காட்டினால் அதைப் படிக்கும் ஆயிரம் பேரும் அந்தப் பொழுதைத்தான் நம்புவார்கள்.

மெனுவின் தலைப்பில் பயனரின் பெயரைக் காட்ட ஒரு பழைய தந்திரம் உண்டு. டிசைனர் தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் போடுகிறது. நாமே நடுவில் ஒரு மேற்கோளை மூடி, கூட்டல் குறியிட்டு, மாறியின் பெயரை எழுதி, மறுபடி திறந்தால் மாறியின் மதிப்பு தலைப்பில் வந்து உட்காரும். அழகான வழிதான். ஆனால் அந்த மதிப்பு நிறுத்தும் பொழுதில் ஒரே முறைதான் படிக்கப்படுகிறது. அதே கணினியில் இன்னொருவர் உள்நுழைந்தாலும் தலைப்பில் முந்தையவர் பெயரே நிற்கும். மெனுவை மறுபடி ஓட்டினால்தான் மாறும்.

ஒரு திரைக்கென்று வேறு மெனு வேண்டும்போது இருப்பதை ‘புஷ் மெனு’ கொண்டு அடுக்கி வைத்து, திரை மூடும்போது ‘பாப் மெனு’ கொண்டு எடுப்பார்கள். திரை பிழையால் பாதியில் மூடிக்கொண்டால் எடுப்பது நடக்காது. அடுத்தமுறை எடுக்கும்போது தவறான மெனு மேலே வரும். ‘டூ மாஸ்டர்’ என்று சேர்த்துக் கொடுத்தால் முதன்முதலில் அடுக்கியது வந்துவிடும். அவசரத்துக்கு அது போதும். தனித்து நிற்கும் படிவத்துக்கு மெனு வைப்பது இன்னொரு தனிச் சடங்கு. டிசைனரில் ‘டாப்-லெவல் ஃபார்ம்’ என்று குறியிட வேண்டும். படிவத்தின் ‘ஷோவிண்டோ’ 2 ஆக இருக்க வேண்டும். படிவம் தன்னையே மெனுவுக்கு அளவுருவாகக் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் மெனு அந்தப் படிவத்தில் வந்து நிற்காது.

நான்காம் பொழுது தட்டும் பொழுது. என் அனுபவத்தில் உண்மையான சிக்கல்கள் இங்கேதான் குடியிருக்கின்றன.

மாறிகளிலிருந்து தொடங்கலாம். ‘செட்அப்’ பகுதியில் ஒரு மாறியை உருவாக்கி, அதை ‘ஸ்கிப் ஃபார்’ நிபந்தனையில் பயன்படுத்துகிறார்கள். நிபந்தனை உண்மையானால் அந்த வரி மங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ‘ஸ்கிப் ஃபார்’ சோதிக்கப்படும் நேரத்தில் எம்பிஆர் போய்விட்டது, அதோடு அதன் மாறியும் போய்விட்டது. ‘மாறி கிடைக்கவில்லை’ என்ற 12-ஆம் எண் பிழை வருகிறது. ‘ரீட் ஈவென்ட்ஸ்’ எழுதியிருக்கும் முதன்மைப் புரோகிராமில் ‘பிரைவேட்’ ஆக அறிவித்தது மட்டும் தெரியும், ஏனென்றால் அந்தப் புரோகிராம் இன்னும் முடியவில்லை, அழைப்பு அடுக்கில் காத்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே ‘லோக்கல்’ ஆக அறிவித்திருந்தால் தெரியாது. இந்த நுணுக்கம் தெரியாமல் எல்லாவற்றையும் ‘பப்ளிக்’ ஆக்கிவிடுகிறவர்கள் பிழையை மறைத்துவிட்டு வேறு பிழைகளுக்கு வாசல் திறக்கிறார்கள்.

‘ஸ்கிப் ஃபார்’ ஒருமுறை சோதித்து முடியும் நிபந்தனை அல்ல. மெனு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது கணக்கிடப்படுகிறது. அதற்குள் ஒரு சார்பை அழைத்து, அந்தச் சார்பு பயனர் அட்டவணைக்கு மாறி, அனுமதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் திரும்பினால் என்ன ஆகும்? தேடிய அட்டவணையிலேயே நின்றுவிட்டால் திரையில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருந்த பதிவு அவர் கண்முன்னே மாறிப்போகும். அவர் மெனுவில் எதையும் தேர்ந்தெடுத்திருக்கக்கூட மாட்டார். வாடிக்கையாளர் பதிவு ‘தானாகக் குதிக்கிறது’ என்ற புகாரைத் தேடிப் போனால், படிவத்தில் எத்தனை நாள் தோண்டினாலும் கிடைக்காது. என் கட்டுப்பாடு இதுதான்: ‘ஸ்கிப் ஃபார்’ எந்த அட்டவணையையும் தொடக்கூடாது. உள்நுழையும்போதே அனுமதிகளைப் படித்து ஒரு பொருளின் பண்புகளாக வைத்துவிட்டு, நிபந்தனையில் அந்தப் பண்பை மட்டும் பார்க்க வேண்டும்.

மெனு பொருள் அல்ல என்பதால் அதிலிருந்து ‘திஸ்ஃபார்ம்’ என்று சொல்ல முடியாது. திரையில் எது முன்னால் இருக்கிறதோ அதை ‘ஆக்டிவ்ஃபார்ம்’ என்ற பண்பின் மூலம் கேட்க வேண்டும். படிவமே இல்லாதபோது அந்தப் பண்பும் இல்லை. முதலில் ‘டைப்’ சார்பால் அது பொருள்தானா என்று பார்க்காமல் தொட்டால் பிழை. இது எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பாடம். இதற்குப் பக்கத்திலேயே தாமதமாகத் தெரியவரும் ஒன்று இருக்கிறது. தொகையைத் தட்டச்சு செய்துவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போகாமல், நேராக மெனுவில் ‘சேவ்’ கொடுக்கிறார் ஒருவர். பொத்தானைத் தட்டியிருந்தால் கவனம் பெட்டியிலிருந்து நகர்ந்திருக்கும், மதிப்பு அட்டவணைக்குப் போயிருக்கும். மெனு கவனத்தை நகர்த்துவதில்லை. கடைசியாக அடித்த தொகை பெட்டியிலேயே நிற்க, பழைய தொகை சேமிக்கப்படுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கில் மட்டும் வித்தியாசம் வரும். சேமிக்கும் செயல்முறையின் முதல் வரியில், இப்போது கவனம் இருக்கும் கட்டுப்பாட்டின் மேலேயே ‘செட்ஃபோகஸ்’ அழைத்தால் மதிப்பு எழுதப்பட்டுவிடும். ஒரு வரி மருந்துதான். ஆனால் அந்த வரி இல்லாத ஒரு புரோகிராமில் எத்தனை ரூபாய் எத்தனை பேர் கணக்கில் தவறாக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பதற்றமாக இருக்கிறது.

இனி ஈரோட்டுக்கு வருகிறேன். விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் ஒவ்வொரு படிவத்துக்கும் தனி ‘டேட்டா செஷன்’ கொடுக்கலாம். அந்தப் படிவம் திறக்கும் அட்டவணைகள் அதற்கு மட்டும் உரியவை. அட்டவணைகளோடு சில அமைப்புகளும் தனியாகப் பிரிந்துவிடுகின்றன என்பதுதான் பலரும் கவனிக்காதது. ‘செட் எக்ஸாக்ட்’, ‘செட் டேட்’, ‘செட் டெலீட்டட்’ போன்றவை செஷனுக்குச் செஷன் வேறு. முதன்மைப் புரோகிராமில் ‘செட் டெலீட்டட் ஆன்’ என்று போட்டு, அழித்ததாகக் குறித்த பதிவுகள் கண்ணில் படாமல் செய்திருப்போம். தனி செஷனோடு ஒரு படிவம் திறந்ததும், அங்கே அந்த அமைப்பு அதன் இயல்பான ‘ஆஃப்’ நிலைக்கு வந்துவிடும். மெனுவுக்கு என்று சொந்தமாக ஒரு செஷன் இல்லை. தட்டும் கணத்தில் எந்தப் படிவம் முன்னால் இருக்கிறதோ அதன் செஷனிலேயே மெனுவின் கட்டளை ஓடுகிறது. காலையில் படிவம் எதுவும் இல்லை, பட்டியல் சரி. மத்தியானம் பில் திரை திறந்திருந்தது. ரத்து செய்து அழித்த பில்களும் பாக்கியாக எண்ணப்பட்டன. மெனுவின் ஒரே வரி, இரண்டு வேறு உலகங்களில் ஓடியது.

இத்தகைய பிழையைத் தேட வழி என்ன? மெனுவிலிருந்து அழைக்கப்படும் ஒவ்வொரு செயல்முறையின் தலையிலும் சில தகவல்களை ஒரு கோப்பில் எழுதும் ஒரு வரியை நான் போட்டு வைக்கிறேன். எந்த செஷன், எந்த அட்டவணை தேர்வில் இருக்கிறது, ‘டெலீட்டட்’ எந்த நிலையில் இருக்கிறது, எந்தப் படிவம் முன்னால், ‘புரோகிராம்’ சார்பு சொல்லும் பெயர் என்ன. பிறகு அதே வரியைப் படிவம் இல்லாமல் ஒருமுறை, படிவத்தோடு ஒருமுறை தட்டுகிறேன். இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானே பேசும். மெனுவுக்குள் ‘செட் ஸ்டெப் ஆன்’ போட்டு நிறுத்திப் பார்ப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. தேர்வுக் கட்டளைகளுக்கு அது சரி. ‘ஸ்கிப் ஃபார்’ சார்புகளுக்கு உதவாது. நிறுத்துவதே மெனுவைப் புதுப்பிக்கக் காரணமாகி, பார்க்கிற பொருள் பார்க்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். அங்கே கோப்பில் எழுதிப் பார்ப்பதே நம்பகமானது.

மெனு இப்போது நினைவகத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று மெனுவையே கேட்கலாம். ‘சிஎன்டிபார்’ எத்தனை வரி என்று சொல்லும். ‘பிஆர்எம்பார்’ வரியில் எழுதியிருப்பதைச் சொல்லும். ‘எஸ்கேபிபார்’ அது மங்கியிருக்கிறதா என்று சொல்லும். கமாண்ட் விண்டோவில் கேட்டால் போதும். அட்டவணைதானே என்பதால் எம்என்எக்ஸையே திறந்து, ‘ஸ்கிப்ஃபார்’ புலம் காலியாக இல்லாத எல்லா வரிகளையும் ஒரு ‘செலக்ட்’ போட்டு எடுத்துவிடலாம். இருநூறு வரிகள் உள்ள மெனுவில் நிபந்தனை உள்ளவை எவை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டிசைனரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒரு பொழுது போய்விடும். மெனு முழுதும் குழம்பிவிட்டால் ‘செட் சிஸ்மெனு டூ டிஃபால்ட்’ கொடுத்துத் தொடக்கத்துக்கு வரலாம். யாராவது ‘செட் சிஸ்மெனு சேவ்’ கொடுத்திருந்தால் அந்தத் தொடக்கமே மாறியிருக்கும். ‘நோசேவ்’ கொடுத்த பிறகுதான் உண்மையான தொடக்கம் வரும்.

இந்த மெனுவை என்ன செய்வது என்பதில் நிரலாளர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஆண்ட்ரூ ராஸ் மக்நீல் எழுதிய ஜென்மெனுஎக்ஸ், எம்என்எக்ஸின் ‘கமெண்ட்’ புலத்தில் குறிப்புகள் எழுதி ஜென்மெனுவின் விளைவை மாற்ற வழி செய்தது. அதை வைத்திருக்கிறவர்களுக்கு அது வரம். ஆனால் அது இல்லாத கணினியில் அதே எம்என்எக்ஸ் வேறு மெனுவைத் தரும் என்பதை மறக்கக்கூடாது. பரம்பரையாக வந்த புரோகிராம்களில் அந்த மறதியே ஒரு பிழை. டிசைனரைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘டிஃபைன்’ கட்டளைகளைக் கையால் எழுதுகிறவர்கள் உண்டு. மெனுவைச் சுற்றிப் பொருள்நோக்கு வகுப்புகளைக் கட்டியவர்களும் உண்டு. புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் வகுப்பு வழிதான் நல்லது. ஆனால் இன்று ஃபாக்ஸ்புரோவில் புதிதாகத் தொடங்குகிறவர் அரிது. இருப்பதைக் காப்பாற்றுகிறவருக்கு நான் சொல்வது வேறு. டிசைனரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒற்றைக் கட்டளையாகச் சுருக்குங்கள். அறிவு எல்லாவற்றையும் மெனுவுக்கு வெளியே கொண்டுபோங்கள். எம்என்எக்ஸ் இருமக் கோப்பு என்பதால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று ஒப்பிட முடியாது. பெர்னாண்டோ போஸோவின் ஃபாக்ஸ்பின்2பிஆர்ஜி அதை எம்என்2 என்ற உரைக் கோப்பாக மாற்றித் தருகிறது. மெனுவின் வரலாற்றைக் கண்ணால் பார்க்க முடிவது பிழை தேடுகிறவருக்குப் பெரிய பலம்.

தமிழ் வாசகருக்கு உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மெனுவைத் தமிழில் வைக்க முடியுமா என்று மண்டிகளிலும் மில்களிலும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். விஷுவல் ஃபாக்ஸ்புரோ யூனிகோடை அறியாது, விண்டோஸின் குறிப்பக்கங்களை மட்டுமே அறியும். ஃபாக்ஸ்புரோ பயன்படுத்தக்கூடிய தமிழ்க் குறிப்பக்கம் விண்டோஸில் கிடையாது. யூனிகோட் தமிழை மெனுத் தலைப்பில் ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். சிலர் இதை மெனு பழுதென்று நினைத்து எம்என்டி கோப்பைச் செப்பனிடப் புறப்படுகிறார்கள். கோப்பு பழுதாகவில்லை, மொழி வளர்ந்த காலமே அப்படி. அதனால்தான் ஈரோட்டுப் பெரியவர் முப்பது ஆங்கில மெனு வரிகளை அவற்றின் இடத்தை வைத்தே அடையாளம் கண்டு வேலை செய்கிறார். ஒரு வரியை மேலே கீழே நகர்த்தினால் அவர் கை தடுமாறும். புதிய வரிகளை எப்போதும் பெட்டியின் அடியிலேயே சேர்ப்பது என் வழக்கம்.

அவர் மண்டிப் புரோகிராமில், தனி செஷன் உள்ள எல்லாப் படிவங்களும் ஒரே அடிப்படை வகுப்பிலிருந்து பிறந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். பதினொன்றில் ஏழு அப்படி. அந்த அடிப்படை வகுப்பின் ‘லோட்’ நிகழ்வில் ‘செட் டெலீட்டட் ஆன்’, ‘செட் டேட்’ ஆகிய இரண்டு வரிகளைச் சேர்த்ததும் ஏழும் சரியாயின. மீதி நான்கையும் தனித்தனியாகத் திறந்து எழுதினேன். பிறகு பெரியவர் பில் திரையைத் திறந்து வைத்துக்கொண்டே பாக்கிப் பட்டியல் எடுத்தார். காலையில் அச்சிட்ட தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு பெயராக ஓட்டிக் கடைசி வரி வரைக்கும் பார்த்தார். “ஒத்துப் போவுதுங்க” என்றார். மற்ற பத்துத் திரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அதே பட்டியலை எடுக்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.